நீர் சுழற்சியும் வானிலையும்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம், கண்மாய்ப் பாசனம். ஒவ்வொரு வருடமும் நீர் பாடம் வரும்போது பிள்ளைகள் வகுப்பில் கேட்பதும், அவர்களுடைய அம்மா அப்பா வாசலில் நிறுத்திக் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளாக இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

புத்தகத்தில் இருக்கிற படத்தை மனப்பாடம் பண்ணினால் போதாதா?

மதிப்பெண்ணுக்குப் போதும். ஆனால் அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் பனி மூடிய மலை, நடுவில் வளைந்து வரும் ஆறு, இன்னொரு பக்கம் நீலக் கடல், மேலே ஒரு மேகம், சுற்றிலும் நான்கு அம்புக்குறி. எங்கள் ஊர்ப் பிள்ளை பனிமலையைப் பார்த்ததே இல்லை. கடலை ராமேஸ்வரம் போனபோது ஒருமுறை பார்த்திருக்கும். அதனால் நீர் சுழற்சி என்பது எங்கேயோ தூரத்தில் நடக்கிற சமாச்சாரம் என்று அது நினைத்துக்கொள்கிறது. வீட்டு இட்லிப் பானையிலும் ஊருணிக் கரையிலும் தினமும் நடக்கிற ஒன்றைப் பார்க்காமலே பாடம் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில்தான் வருத்தம்.

இன்னொரு விஷயம், அம்புக்குறிகள் வட்டமாகப் போவதால் ஒவ்வொரு சொட்டும் கடல், மேகம், மலை, ஆறு, மறுபடி கடல் என்று வரிசை தவறாமல் சுற்றிவரும் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. உலகத்தில் பெய்கிற மழையில் பெரும்பகுதி கடலிலேயே விழுந்துவிடுகிறது. தரையில் விழுந்ததில் கொஞ்சம் அடுத்த நாளே ஆவியாகிப் போகும், கொஞ்சம் செடிக்குள் போகும், கொஞ்சம் மண்ணுக்கடியில் இறங்கி நூற்றுக்கணக்கான வருடம்கூட அங்கேயே கிடக்கும். காற்றுக்குள் போன நீராவி மட்டும் சராசரியாக ஒன்பது, பத்து நாளில் மழையாகவோ பனியாகவோ கீழே வந்துவிடுகிறது.

கடல் தண்ணீர்தானே மழையாகிறது, அப்புறம் மழை ஏன் கரிக்கவில்லை?

தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பாத்தி கட்டிக் கடல்நீரை விடுகிறார்கள், வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது, உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. ஆவியாதல் என்றால் அவ்வளவுதான்: தண்ணீர் போகும், அதில் கரைந்தது போகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் ஆவியாதலும் மழையும் புரிந்துவிடும்.

வீட்டில் செய்து பார்க்க வேண்டுமானால் ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை மெல்லியதாக ஊற்றி மொட்டை மாடியில் வையுங்கள். சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

மேகம் நீராவிதானே?

இல்லை. நானே பல வருடம் கரும்பலகையில் “மேகம் என்பது நீராவி” என்று எழுதிப்போட்டிருக்கிறேன். ஒருநாள் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண், “நீராவி கண்ணுக்குத் தெரியாதுன்னு நேத்து சொன்னீங்களே டீச்சர், அப்ப மேகம் மட்டும் எப்படித் தெரியுது?” என்று கேட்டாள். அவள் கேட்டது முழுக்கச் சரி.

நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. மேகம் என்பது அந்த நீராவி குளிர்ந்து உண்டான மிகச் சின்னத் துளிகளின் கூட்டம், ரொம்ப உயரத்தில் என்றால் பனித்துகள்களின் கூட்டம். குக்கரில் விசில் வரும்போது தள்ளி நின்று கவனியுங்கள். குண்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாதது மாதிரி தெளிவாக இருக்கும், அதைத் தாண்டித்தான் வெள்ளையாகப் புகை மாதிரி வரும். ஒன்றுமே இல்லாதது மாதிரித் தெரிகிற அந்த இடம்தான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது குட்டி மேகம். (கையைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று முதலிலேயே கண்டித்துச் சொல்லிவிடுங்கள், அந்தத் தெளிவான இடம்தான் அதிகம் சுடும்.)

ஒரு மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர். நல்ல மழைத்துளி 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. மேகம் வந்தும் மழை பெய்யாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. அந்த நீராவி துளியாவதற்குக்கூட ஒரு பிடிமானம் வேண்டும், காற்றில் இருக்கும் தூசியும் கடல் உப்புத் துகளும் புகையும்தான் அந்தப் பிடிமானம்.

மழைத்துளியைக் கண்ணீர்த்துளி மாதிரி கூர் வைத்து வரைகிறோமே, அதுவும் சரியில்லை. சின்னத் துளி உருண்டையாக இருக்கும். பெரிய துளி விழும்போது கீழேயிருந்து காற்று தாங்குவதால் அடி தட்டையாகி மேலே உப்பலாக, இட்லி மாதிரி இருக்கும்.

நம் வகுப்பறைக் காற்றில் உண்மையிலேயே தண்ணீர் இருக்கிறதா?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை மேசை மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் வேர்த்துவிடும். “டம்ளர் கசியுது” என்று ஒரு பையனாவது சொல்வான். அவனை மறுக்காதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் ரஸ்னாவைக் கலந்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். வெளியே வருவது நிறமில்லாத தண்ணீர் என்று அவனே சொல்லிவிடுவான்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்: 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி வைத்துக்கொள்ளும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும், மிச்சம் வெளியே வந்தாக வேண்டும். இந்த ஒரு வரியில் மேகமும் பனியும் டம்ளர் வேர்ப்பதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையில், 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தண்ணீர் நம் தலையைச் சுற்றிக் காற்றாகவே இருக்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளைகள் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

மழைக்கு முன்னால் புழுங்குகிறதே, அதற்கும் இதுதான் காரணம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நம் வியர்வை சீக்கிரம் ஆவியாவதில்லை.

செடிகளுக்கு இதில் என்ன வேலை?

வெயிலில் நிற்கிற செம்பருத்திக் கிளை ஒன்றில் ஐந்தாறு இலைகளைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி வாயை நூலால் கட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கவரின் உள்பக்கம் முதலில் மங்கலாகி, அப்புறம் முத்து முத்தாகச் சேர்ந்து, மூலையில் ஒரு கோடு மாதிரி தண்ணீர் வழிந்து நிற்கும். பக்கத்திலேயே ஒரு வெறும் கவரையும் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அது காற்றின் ஈரம் என்று யாராவது சொல்வார்கள். வேர் மண்ணிலிருந்து எடுத்த தண்ணீர், இலைத்துளை வழியாக வெளியே வருகிறது. இதுதான் நீராவிப்போக்கு. இலங்கைப் பாடநூல்களில் இதையே ஆவியுயிர்ப்பு என்பார்கள், நீர் சுழற்சியை நீர் வட்டம் என்பார்கள், இணையத்தில் தேடும் பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.

கூடவே வருகிற கேள்வி: சீமைக் கருவேலம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறதா? எங்கள் மாவட்டத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. மரம் தண்ணீரை எடுப்பது வேர் வழியாக, அதை இலை வழியாகக் காற்றுக்குத்தான் கொடுக்கிறது. மழையை அது தடுப்பதில்லை. ஆனால் அதன் வேர் ரொம்ப ஆழம் போய் நிலத்தடி ஈரத்தை எடுக்கும், கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் புதராக மண்டி தண்ணீர் வருகிற வழியை அடைக்கும். கோபப்படுவதற்கு இந்த உண்மையான காரணங்களே போதும்.

மழைமானியை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு செய்முறைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று, பக்கவாட்டில் இடுப்பு மாதிரி வளைவு இல்லாமல் நேராக இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே, பாட்டில் நேராகத் தொடங்குகிற இடத்தில் வெட்டி, மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனல் மாதிரி உள்ளே சொருகுங்கள். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், அங்கேதான் எல்லாருக்கும் அளவு தப்பாகிறது. அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி, பாட்டில் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு 0 என்று எழுதுங்கள். கல் போட்டால் காற்றில் சாயவும் சாயாது. அந்தக் கோட்டிலிருந்து மேலே ஒரு ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் குறித்து செலோ டேப் ஒட்டிவிடுங்கள்.

வைக்கிற இடம் முக்கியம். மரத்தடியில் வைத்தால் இலை மழையைப் பிடித்துக்கொள்ளும், சுவரோரம் வைத்தால் ஒரு பக்க மழை விழாது. பக்கத்தில் எது எவ்வளவு உயரமோ அதுபோல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதுங்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அந்த நேரத்தில்தான் நாள் கணக்கை முடிக்கிறது. பார்த்து எழுதியதும் சேர்ந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி 0 கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் நாட்களில் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

பெரிய பாட்டில் வைத்தால் மழை அதிகம் காட்டாதா என்பார்கள். காட்டாது. வாய் பெரியதானால் விழுவதும் அதிகம், அது பரவுகிற இடமும் அதிகம், மட்டம் ஒன்றுதான். இதை வாயால் சொல்லி ஒருவரும் நம்பவில்லை, சின்ன டப்பாவும் பெரிய டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு நம்பினார்கள்.

செய்தியில் “5 செ.மீ. மழை” என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுரமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி கிட்டத்தட்ட நிறைந்துவிடும். ஓர் ஏக்கரில் அதே 1 செ.மீ. என்றால் 40 ஆயிரம் லிட்டர், 12 ஆயிரம் லிட்டர் லாரியில் மூன்று லாரிக்கு மேல். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் செ.மீ. சொல்ல மாட்டார்கள், “ஒரு உழவு மழை பெஞ்சிருக்கு” என்பார்கள். ஏர் பிடிக்கிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று பொருள். அதுவும் ஓர் அளவைதான். மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது என்பதை அது சொல்கிறது, மழைமானி அதைச் சொல்லாது.

ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அந்த வட்டாரத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம்.

இந்தியா முழுக்க ஜூனில் மழை, நமக்கு மட்டும் ஏன் ஐப்பசியில்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கமிருந்து காற்று வருகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குளிரும், வத்தலக்குண்டில் வேர்த்தவர் கொடைக்கானலில் போர்வை கேட்பது அதனால்தான். குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க முடியாது என்று மேலே சொன்னேனே, அந்த மிச்சம் எல்லாம் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று மறுபடி சூடாகி வறண்டுபோகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று இதுதான், வேகம் இருக்கும், மழை இருக்காது. மலையிலேயே இருக்கிற வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாரில் அப்போது கொட்டோ கொட்டென்று கொட்டும், கீழே கோயம்புத்தூரில் தூறலோடு நின்றுவிடும்.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. வடக்கே நிலம் குளிர, வடகிழக்கிலிருந்து காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகளும் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டின் ஒரு வருட மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதத்தில்தான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது அப்படியே பொருந்தும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்வது இதற்கு அடுத்த கதை. மேற்கே ஓடி அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை நிறுத்தி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணை. அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்கிறது. ஜூலையில் நமக்கு மழை இல்லாதபோதும் மலைக்கு அந்தப்பக்கம் பெய்த மழை மதுரை வயலுக்கு வந்துவிடுகிறது. அந்த வைகையும் மற்ற ஆறுகள் மாதிரி நேராகக் கடலில் கலப்பதில்லை, வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பிரிந்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது, மிஞ்சினால்தான் கடல். புத்தகப் படத்தில் “ஆறு கடலில் கலக்கிறது” என்று ஒரே அம்புக்குறி போட்டிருப்பதை எங்கள் ஊரில் அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் எல்லாம் ஒன்றா?

ஒரே ஆளின் வெவ்வேறு வயது மாதிரி. காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, 50 வரை தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். பெயர் இல்லாததால் மழை குறைவு என்று நினைக்க வேண்டாம். காயல்பட்டினத்து மழை பெயர் வைத்த எந்தப் புயலிலும் வந்ததல்ல.

வெப்பச்சலனம் வேறு. பகலெல்லாம் தரை காய்ந்து, சூடான காற்று மேலே ஏறி, சாயங்காலம் இடியோடு அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். ஒரு தெருவில் பெய்து அடுத்த தெரு காய்ந்து கிடப்பது இந்த மழையில்தான்.

வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம்?

இன்று குடை எடுக்கலாமா என்பது வானிலை. எந்த மாதத்தில் நாற்றுப் பாவலாம் என்பது காலநிலை. காலநிலை சொல்ல 30 வருடப் பதிவுகளின் சராசரியை எடுப்பார்கள்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மழை என்கிறார்களே, மூடநம்பிக்கையா?

அப்படிச் சொல்லி ஒரு பிள்ளையின் ஆத்தாவைச் சின்னவராக்கிவிடாதீர்கள். தட்டான் தாழப் பறப்பது, ஈசல் கிளம்புவது, எறும்பு திட்டு ஏறுவது எல்லாம் பல காலம் உற்றுப் பார்த்தவர்கள் சொன்னவை. காற்றின் ஈரத்துக்கும் மண்ணின் ஈரத்துக்கும் பூச்சிகள் அசைந்து கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது சரியா என்று பார்க்க வழி நம் கையில் இருக்கிறது. மழைமானி நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு “இன்று தட்டான் தாழப் பறந்ததா” என்று எழுதுங்கள். பறந்து மழை பெய்த நாள், பறந்தும் பெய்யாத நாள், பறக்காமலே பெய்த நாள் மூன்றையும் எண்ண வேண்டும். பெய்த நாளை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதுதான் நாம் எல்லாரும் செய்கிற தப்பு.

பெய்த மழையெல்லாம் எங்கே போகிறது?

விளையாட்டு மைதானத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், சிமென்ட் தளத்தில் ஒரு சொம்பு, மரத்தடிச் சருகு மேல் ஒரு சொம்பு. எது ஓடுகிறது, எது இறங்குகிறது என்று நேரம் குறித்துப் பாருங்கள். ஓடுவது வழிந்தோடுதல், இறங்குவது ஊடுருவல், பாடம் முடிந்தது.

நம் பக்கம் மழை மூன்று மாதத்தில் வந்து போய்விடும், ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடாது, அதனால் ஓடுகிற தண்ணீரை நிறுத்திவைக்க முன்னோர் கண்மாய் வெட்டினார்கள். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலியாக வெட்டியிருக்கிறார்கள். நிற்கிற தண்ணீர் மெல்ல இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே ஊர் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. இறங்கவும் நிற்கவும் இடம் கொடுக்காவிட்டால் இரண்டும் நடக்கும். 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. உங்கள் வீட்டுக் குழாய் இன்னும் குழிக்குள்தான் இறங்குகிறதா, தெருவுக்குத் திருப்பியிருக்கிறதா என்று பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் படத்தை எப்படி வரைவது?

தேர்வுக்குப் புத்தகப் படம். நோட்டில் இன்னொரு படம், நம் ஊர்ப் படம். பனிமலை வேண்டாம். கண்மாய், கலுங்கு, வயல், வேப்பமரம், ஊருணி, கிணறு, மொட்டை மாடிக் குழாய், கொடியில் காயும் துணி. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் எங்கே போகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு பையன் சாணி மெழுகிய வாசல், நாக்கைத் தொங்கப்போட்ட நாய் இரண்டிலிருந்தும் மேல்நோக்கி அம்புக்குறி போட்டிருந்தான். இரண்டும் சரி.

மழை இல்லாத நாளில் மழைமானி நோட்டில் என்ன எழுதுவது?

0.0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் மழை இல்லையா, பார்க்க மறந்தோமா என்று பிறகு யாருக்கும் தெரியாது. பங்குனி, சித்திரையில் வரிசையாகப் பூஜ்ஜியமாக வரும், பிள்ளைகளுக்குச் சலிக்கும். அப்போது எழுதுகிற வேலையைத் தினம் ஒருவர் என்று மாற்றிக் கொடுங்கள், லீவு நாளுக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போடுங்கள்.